சுருள்பாசி விற்போம், வைத்தியம் பார்க்க வேண்டாம்

ஸ்பைருலினா என்று ஆங்கிலத்திலும் சுருள்பாசி என்று தமிழிலும் வழங்கும் பச்சை மாத்திரை, ஒரு காலத்தில் பெரிய மருந்துக் கடைகளில் மட்டும் கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது. இப்போது ராயபுரம் கல்மண்டபத்தில் இருந்து காலடிப்பேட்டை, தேரடி, கத்திவாக்கம் வரை மளிகைக் கடைகளிலும் நாட்டு மருந்துக் கடைகளிலும் கல்லாவுக்குப் பக்கத்திலேயே அதற்கு இடம் கிடைத்துவிட்டது. நல்ல கழிவு தருகிறார்கள், இடமும் அதிகம் அடைக்காது, கெட்டுப்போகும் சரக்கும் அல்ல என்று உறுப்பினர்கள் பலர் வாங்கி வைக்கிறார்கள். வைக்கட்டும். விற்பனையை நாம் குறை கூறப்போவதில்லை. ஆனால் டப்பாவோடு கூடவே வந்து சேரும் வாய்ப்பேச்சு ஒன்று இருக்கிறது. அதுபற்றி நம் வணிகப் பெருமக்களிடம் சில வார்த்தைகள் பேச வேண்டியது அவசியமாகிவிட்டது.

சரக்கைக் கொண்டு வரும் ஏஜெண்டு கடைக்காரரிடம் என்ன சொல்கிறார்? சர்க்கரை இறங்கும், ரத்த அழுத்தம் தணியும், கொழுப்பு கரையும், மூட்டு வலி போகும், புற்றுநோய்கூட அண்டாது என்கிறார். கடைக்காரர் அதையே வாடிக்கையாளரிடம் சொல்கிறார். நம் பகுதி வாடிக்கையாளர் யார் என்பது நமக்குத் தெரியாததல்ல. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர், எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரியோடு இரவெல்லாம் வரிசையில் நிற்கும் டிரைவர், மணலியில் ஷிப்டு பார்த்துவிட்டு வருகிறவர். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும் என்று கணக்குப் பார்ப்பவர்கள் இவர்கள். பத்து வருடமாகப் பழகிய அண்ணாச்சி சொன்னால் அவர்கள் நம்புவார்கள். 'இதைச் சாப்பிட்டால் சர்க்கரை மாத்திரை தேவையில்லை' என்று ஒரு வார்த்தை கடையில் விழுந்துவிட்டால், அதன் விலையை மூன்று மாதம் கழித்து அவர் கால் விரலிலோ கண்ணிலோ கொடுக்கிறார். ஏஜெண்டு அதற்குள் வேறு சரக்குக்கு மாறியிருப்பார். கடை நம் பெயரில்தான் இருக்கும்.

ஆகவே இந்தச் சரக்கு என்ன, எதற்கு உதவும், எதற்கு உதவாது, எங்கே ஆபத்து என்பதை விற்கிறவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அரிசிக்கும் பருப்பிற்கும் தரம் பார்க்கத் தெரிந்த நமக்கு இதுவும் கற்றுக்கொள்ளக் கூடியதே.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். சுருள்பாசி கடற்பாசி அல்ல. ராமேஸ்வரம் பக்கம் கடலில் எடுத்து வரும் பாசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கண்ணுக்குத் தெரியாத, சுருள் கம்பி போன்ற, நீலப்பச்சை நிற நுண்ணுயிர் இது. உப்பும் காரமும் மிகுந்த தண்ணீரில், நல்ல வெயிலில் வளரும். ஆப்பிரிக்காவில் சாட் ஏரிக்கரையில் வாழும் கனெம்பு மக்கள் இதை வடித்து, மணலில் உலர்த்தி, வில்லையாக்கிக் குழம்பில் போட்டுச் சாப்பிடுகிறார்கள். மெக்சிகோவில் ஆஸ்டெக் மக்களும் ஏரியிலிருந்து வடித்து உண்டு வந்தார்கள். எனவே மனிதன் உண்டு பழகிய பொருள்தான். ஆய்வுக் கூடத்தில் நேற்று பிறந்ததல்ல.

நம் ஊருக்கும் இதற்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரியாது. சென்னை தரமணியில் உள்ள ஏ.எம்.எம். முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையம், இந்தியாவில் சுருள்பாசியை ஏழை எளியோர் உணவாக்க முடியுமா என்று முனைந்து பார்த்த இடங்களில் முக்கியமானது. அதை வழிநடத்திய சி.வி. சேஷாத்ரி ஐ.ஐ.டி. கான்பூரில் பேராசிரியராக இருந்தவர். பெரிய தொழிற்சாலை இல்லாமல், கிராமத்துத் தொட்டியிலேயே இதை வளர்க்கும் முறைகளை அவரும் அவருடன் இருந்தவர்களும் உருவாக்கினார்கள். பின்னர் மதுரையில் ஆன்டெனா அறக்கட்டளையும், ஆரோவில்லில் சிலரும் சிறு அளவில் வளர்த்தார்கள். வணிக அளவில் வளர்ப்பது பாரி நிறுவனத்தார். நாம் தினமும் பஸ் மாறும் பாரிமுனைக்குப் பெயர் தந்த அதே பாரிதான். புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் அவர்களுடைய சுருள்பாசிப் பண்ணை இருக்கிறது. சரக்கு வெளிநாட்டிற்கும் போகிறது. தமிழ்நாட்டு வெயிலில் விளையும் பொருளை வெளிநாட்டு ஸ்டிக்கர் ஒட்டிய டப்பாவில் பல மடங்கு விலைக்கு வாங்கி விற்கிற நம்மவர்கள் சற்று யோசிக்கலாம். இது இடைச்செருகல், விஷயத்திற்கு வருவோம்.

உலர்ந்த சுருள்பாசியில் நூற்றுக்கு 55 முதல் 70 பங்கு வரை புரதம் இருக்கிறது. இது உண்மை. இந்த ஒரு உண்மையை வைத்துக்கொண்டுதான் எல்லாக் கதையும் கட்டப்படுகிறது. கணக்கு நம் தொழில், போட்டுப் பார்ப்போம். ஒரு மாத்திரை பெரும்பாலும் அரை கிராம். நாளுக்கு ஆறு மாத்திரை என்றால் 3 கிராம். அதில் புரதம் 2 கிராம் அளவுதான். ஒரு கோழி முட்டையில் 6 கிராம் புரதம். 100 கிராம் கொண்டைக்கடலையில் சுமார் 20 கிராம். காசிமேட்டில் வாங்கும் மத்தி மீனிலும் 100 கிராமுக்கு அதே அளவு. ஆறு மாத்திரை விழுங்கியவருக்கு முட்டையில் மூன்றில் ஒரு பங்கு புரதம் கிடைத்திருக்கிறது. விலையை அவரவர் பில்லில் பார்த்துக்கொள்ளலாம்.

'ஒரு கிலோ சுருள்பாசி ஆயிரம் கிலோ காய்கறிக்குச் சமம்' என்று துண்டுப் பிரசுரங்களில் அச்சடிக்கிறார்கள். ஒரு கிலோ சுருள்பாசியில் புரதம் அதிகமாகப் போனால் 700 கிராம். காய்கறியில் நூற்றுக்கு ஒரு பங்கு புரதம் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், ஆயிரம் கிலோவில் 10 கிலோ வருகிறது. நார்ச்சத்து, வைட்டமின் சி கணக்கைச் சேர்க்கவே இல்லை. கோயம்பேட்டில் காய்கறி எடுக்கும் நம் உறுப்பினர் எவரும் இந்தப் பிரசுரத்தைத் தம் கடையில் ஒட்ட அனுமதித்திருக்கக் கூடாது!

இரும்புச் சத்துக் கதையும் அதேதான். 100 கிராம் சுருள்பாசியில் சுமார் 28 மில்லிகிராம் இரும்பு. கேட்கப் பெரிதாக இருக்கிறது. 3 கிராமில் ஒரு மில்லிகிராம்கூட வராது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் வேண்டும். ரத்தசோகை உள்ள கர்ப்பிணி, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இரும்புச் சத்து மாத்திரையை விட்டுவிட்டு இதை வாங்கினால் ஏமாற்றப்பட்டவர் அவர். அதில் நமக்கும் பங்கு உண்டு.

சைவ உணவுக்காரர்களுக்கு 'பி12 இதில் நிறைய' என்று சொல்லி விற்பதையும் நிறுத்த வேண்டும். சுருள்பாசியில் இருப்பதில் பெரும்பகுதி பி12 போலத் தோற்றமளிக்கும் போலிப் பொருள். மனித உடலில் அது வேலை செய்யாது என்று ஜப்பானில் வாடனாபே குழுவினர் 1999-இல் ஆராய்ந்து வெளியிட்டார்கள். பி12 குறைந்தால் நரம்பு கெடும். நம்பி உட்கார்ந்திருப்பவருக்கு நஷ்டம் மெதுவாக வரும்.

அப்படியானால் இதில் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்வதே முறை.

தரமணி மையத்தார் பள்ளி வயது எட்டாத சுமார் 5000 குழந்தைகளுக்குச் சுருள்பாசி கொடுத்துப் பார்த்து 1993-இல் அறிக்கை தந்தார்கள். வைட்டமின் ஏ குறைந்த குழந்தைகளுக்குக் கண்ணின் வெள்ளைப் பகுதியில் நுரை போன்ற திட்டு விழும். மருத்துவர்கள் பிட்டாட் புள்ளி என்பார்கள். நாளுக்கு ஒரே ஒரு கிராம் வீதம் 150 நாள் கொடுத்ததில், நூற்றுக்கு 80 பேருக்கு இருந்த அந்தத் திட்டு 10 பேருக்கு என்று இறங்கியதாக அறிக்கை கூறியது. ஒரு கிராமில் புரதம் பெயரளவுக்குத்தான். ஆனால் உடலில் வைட்டமின் ஏ-யாக மாறும் பீட்டா கரோட்டீன் இதில் செறிந்து இருப்பதால் சிறு அளவே பலன் தந்தது. வயிற்றுக்குப் போதாமல் வளரும் குழந்தைக்கு அது பெரிய விஷயம். மூன்று வேளையும் சாப்பிட்டு, வாரம் இரு முறை கீரை சேர்க்கும் வீட்டில் அதே பலனை எதிர்பார்க்க முடியாது. முருங்கைக் கீரையிலும் அந்தச் சத்து உண்டு. நம் பகுதியில் பல வீடுகளில் மரமே நிற்கிறது.

இன்னொரு ஆய்வு நம் பகுதிக்கு மிக நெருக்கமானது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தைச் சேர்ந்தவர்கள், கேரளத்தில் வெற்றிலையோடு புகையிலை போடுவோரிடையே இதைச் சோதித்து 1995-இல் வெளியிட்டார்கள். புகையிலை போடுவோர் வாயில் வெள்ளைத் தழும்பு போல ஒன்று வரும். சிலருக்கு அதுவே புற்றாக மாறும். நாளுக்கு ஒரு கிராம் வீதம் ஓராண்டு சுருள்பாசி எடுத்த 44 பேரில் 20 பேருக்கு அது முழுதாக மறைந்தது. வெறும் மாத்திரை எடுத்த 43 பேரில் 3 பேருக்குத்தான் மறைந்தது. இது நல்ல செய்திதான். ஆனால் ஏஜெண்டுகள் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அடுத்த வரியையும் படிக்க வேண்டும்: மாத்திரையை நிறுத்திய ஓராண்டுக்குள், குணமான 20 பேரில் 9 பேருக்குத் திரும்பவும் வந்துவிட்டது. சோதித்ததும் தழும்பைத்தான், புற்றுநோயை அல்ல. துறைமுகத்திலும் மீன்பிடித் துறைமுகத்திலும் புகையிலை அடக்காத வாய் குறைவு என்பதை நாம் அறிவோம். அப்படி ஒருவர் வாயில் வெள்ளைத் தழும்போடு வந்து 'புற்றுநோய் வராமல் தடுக்கும் மாத்திரை' கேட்டால், கொடுக்க வேண்டியது ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி. நடந்து போகிற தூரம்தான். மாத்திரையும் கேட்டால் அதற்குப் பிறகு கொடுக்கலாம்.

சர்க்கரைக்கும் கொழுப்பிற்கும் ஆய்வுகள் இல்லாமலில்லை. 2001-இல் வெளியான ஒரு இந்திய ஆய்வில் 25 சர்க்கரை நோயாளிகளைப் பார்த்தார்கள். இரண்டு மாதம் நாளுக்கு 2 கிராம் எடுத்தவர்களுக்குச் சர்க்கரையும் கொழுப்பும் ஓரளவு இறங்கியது. கவனிக்க: 25 பேர், இரண்டு மாதம். அதன்பின் பல நாடுகளில் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் சிறியவையே. கொழுப்பு சற்றுக் குறையலாம் என்று சொல்ல இடமிருக்கிறது. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தலாம் என்று சொல்ல எந்த இடமும் இல்லை.

இனி பாதுகாப்பு. நல்ல முறையில் வளர்த்து உலர்த்திய சுருள்பாசி பெரும்பாலோருக்குத் தீங்கு செய்வதில்லை. அமெரிக்க மருந்தியல் தரநூல் நிறுவனத்தின் நிபுணர் குழு 2011-இல் கிடைத்த தகவல்களையெல்லாம் அலசி, பெரிய ஆபத்து எதுவும் தெரியவில்லை என்று முடிவு சொன்னது. சிலருக்கு ஆரம்பத்தில் வயிற்று உப்புசம், வயிற்றுப்போக்கு, தலைவலி வரலாம். அரிதாக ஒவ்வாமையும், ஈரல் பாதிப்பும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் போன்ற நோய் உள்ளவர்கள், மாற்றுச் சிறுநீரகம் வைத்து அதற்கான மருந்து எடுப்பவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், யூரிக் அமிலம் ஏறி மூட்டு வீங்குபவர்கள், ஃபீனைல்கீட்டோன்யூரியா என்ற பிறவிக் குறை உள்ள குழந்தைகள் ஆகியோர் டாக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் போதிய ஆய்வு இல்லை. 'டாக்டரைக் கேட்டுக்கொண்டு வாங்கம்மா' என்று சொல்லி அனுப்புவதே நல்லது. ஒரு டப்பா விற்காமல் போனதால் கடை மூடிப்போகாது.

ஆனால் சுருள்பாசியில் உள்ள பெரிய ஆபத்து சுருள்பாசியில் இல்லை. அது வளர்ந்த தண்ணீரில் இருக்கிறது. நம் பகுதி வணிகர்கள் இந்த இடத்தில் சற்று நின்று படிக்க வேண்டும்.

இந்த நுண்ணுயிருக்கு ஒரு குணம் உண்டு. தண்ணீரில் ஈயம், காட்மியம், பாதரசம், ஆர்சனிக் போன்றவை இருந்தால் அவற்றைத் தன்மேல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கழிவு நீரிலிருந்து உலோகங்களை வாங்கி எடுக்க இதையே பயன்படுத்தலாமா என்று விஞ்ஞானிகள் ஆராயும் அளவிற்கு அந்தக் குணம் பெயர் பெற்றது. அசுத்தத் தண்ணீரில் வளர்த்தால் தண்ணீரில் துளித்துளியாக இருந்தது மாத்திரையில் திரண்டுவிடும். எண்ணூர்க் கழிமுகத்தின் நிலை நமக்குப் புதிதல்ல. அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலையாற்றில் படிந்ததையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் கழிமுகம் முழுவதும் கருப்பாகப் பரவி, மீனவர் வலையும் படகும் நாசமானதையும் கண்ணால் பார்த்தவர்கள் நாம். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்து பல்லாண்டாகிறது. உப்பை சுருள்பாசி தாங்கிக்கொள்ளும், விரும்பவே செய்யும். அதுதான் ஆபத்து. நாற்று கருகிப்போகிற தண்ணீரிலும் இது பச்சைப் பசேலென்று வளர்ந்து நிற்கும். பார்த்தால் ஒன்றும் தெரியாது.

மாடியில் தொட்டி கட்டி, மகளிர் குழுக்கள் மூலம் சுருள்பாசி வளர்த்து நம் கடைகளிலேயே விற்கலாம் என்ற யோசனை அவ்வப்போது எழுகிறது. நல்லெண்ணத்தில் சொல்வதுதான். கிராமங்களில் நடக்கவும் செய்திருக்கிறது. ஆயினும் நம் பகுதிக்கு அது வேண்டாம் என்பதே நம் கருத்து. ஆழ்குழாய்த் தண்ணீரை நம்ப முடியாது. மெட்ரோ வாட்டர் லாரித் தண்ணீரில் செய்தாலும் திறந்த தொட்டியில் காற்றோடு வந்து விழும் கரித்தூளுக்கு யார் பொறுப்பு? ஒவ்வொரு அறுவடைக்கும் உலோகச் சோதனை செய்யும் வசதி குழுவிடம் இருக்காது. அவர்களுக்கு உதவ நினைப்பவர்கள் ஊறுகாய், கருவாடு, மசாலாத் தூள் என்று நம் கடைகளில் இடம் ஒதுக்கட்டும்.

இதிலேயே ரசாயன மொத்த வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. சுருள்பாசித் தொட்டிக்குச் சமையல் சோடா என்னும் சோடியம் பைகார்பனேட், உப்பு, நைட்ரேட், பாஸ்பேட் முதலியவை வேண்டும். பூங்கா நகர் நைனியப்பன் தெருவுக்கு வந்து வாங்கிப் போகிறார்கள். தொழிற்சாலைக்கு விற்கும் சரக்கும் உணவுத் தரச் சரக்கும் பார்வைக்கு ஒன்றே, விலையில் வித்தியாசம். வாங்க வருபவர் சுருள்பாசிக்கு என்று சொன்னால், விலை குறைந்த மூட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. எந்தத் தரம் என்று பில்லில் எழுதிக் கொடுக்க வேண்டும். மலிவான உரத்திலும் சோடாவிலும் உள்ள உலோக அழுக்கு நேராகப் பாசிக்குப் போகிறது.

உலோகம் தவிர இன்னொன்று, நுண்ணுயிர் நஞ்சு. சுருள்பாசிக்கு உறவான வேறு சில நீலப்பச்சைப் பாசிகள் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைக் கெடுக்கும். அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்தில் கிளாமத் என்ற பெரிய ஏரி இருக்கிறது. அங்கே தானாக வளரும் ஒருவகைப் பாசியை வடித்து மாத்திரையாக்கி விற்றார்கள். அது சுருள்பாசி அல்ல. ஆனால் அலமாரியில் அதன் பக்கத்திலேயே இருந்தது. அந்தச் சரக்கில் நஞ்சுப் பாசி கலந்திருப்பது தெரியவந்து, ஒரு கிராமுக்கு ஒரு மைக்ரோகிராமுக்கு மேல் நஞ்சு இருக்கக் கூடாது என்று 1997-இல் அம்மாநிலம் வரம்பு கட்டியது. ஒழுங்கான சுருள்பாசித் தொட்டியில் இந்தப் பயம் குறைவு. ஏனென்றால் அந்தத் தண்ணீரின் பி.எச். அளவு 10 அளவில், நல்ல காரமாக இருக்கும். மற்றப் பாசிகள் அதில் பிழைப்பது கடினம். பராமரிப்பு தளர்ந்து காரம் இறங்கினால் வேண்டாத விருந்தாளி உள்ளே வந்துவிடும். 'ஏரியில் இயற்கையாக வளர்ந்தது' என்று டப்பாவில் பெருமையாகப் போட்டிருந்தால் அது பெருமையா, குறையா என்று யோசியுங்கள்.

கடைக்காரர் சரக்கை எப்படிச் சோதிப்பது என்று கேட்கலாம். ஒரு சிட்டிகைத் தூளைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுச் சில மணி நேரம் வைத்தால், நல்ல சரக்கு தண்ணீரில் நீலம் விடும். அதிலுள்ள நீல நிறப்பொருள் தண்ணீரில் கரையும். அதிகச் சூடு பட்டால் அழிந்துவிடும். நீலம் வராவிட்டால் சரக்கு பழையதாகவோ, சூட்டில் கெட்டதாகவோ, வேறு இலைத் தூளாகவோ இருக்கலாம். ஆனால் நீலம் வந்துவிட்டது என்பதற்காக ஈயம் இல்லை என்று ஆகாது. நாக்கோ மூக்கோ அதைக் கண்டுபிடிக்காது. அதற்குச் சோதனைக் கூடத்து அறிக்கை வேண்டும். அந்தந்த பேட்ச் எண்ணுக்கு, அங்கீகாரம் பெற்ற கூடத்தில் எடுத்த அறிக்கையின் நகலைக் கேளுங்கள். ஈயம், ஆர்சனிக், காட்மியம், பாதரசம், மைக்ரோசிஸ்டின், கிருமி எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் உணவுத் தரச் சுருள்பாசிக்கு 1990-லேயே தரக்குறிப்பு வகுத்துவிட்டது. கேட்பது ஒன்றும் புதுமையல்ல. தர மறுக்கும் ஏஜெண்டின் சரக்கு வேண்டாம். மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரே அறிக்கையை எல்லா பேட்சுக்கும் காட்டுபவரும் தர மறுப்பவர்தான்.

சில்லறையாகத் தூளை நிறுத்துக் கட்டிக் கொடுப்பதை நம் நாட்டு மருந்துக் கடைக்காரர்கள் கைவிட வேண்டும். கடற்கரைக் காற்றில் ஈரமும் உப்பும் அதிகம்; திறந்த டின்னில் இருக்கும் தூள் ஈரம் இழுத்துக் கட்டியாகிப் பூசணம் பிடிக்கும். சோப்பு, கொசுவர்த்தி, கருவாடு பக்கத்தில் வைத்தால் வாடையையும் இழுக்கும். வெயில் படும் ஷோகேஸும் உதவாது; சத்தும் நிறமும் போய்விடும். சீல் உடையாத டப்பா, இருட்டான உலர்ந்த இடம், முதலில் வந்தது முதலில் விற்பனை. வேறு ரகசியம் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். பழைய கலப்படத் தடைச் சட்டத்தின் இடத்தில் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் வந்து, 2011 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் இருக்கிறது. சத்து மாத்திரைகளுக்குத் தனியாக 2016-இல் விதிமுறை வந்தது. 2022-இல் திருத்தி அமைத்தார்கள். டப்பாவில் 14 இலக்க உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, நாளொன்றுக்கு எவ்வளவு என்ற அளவு ஆகியவற்றோடு 'மருந்தாகப் பயன்படுத்துவதற்கல்ல' என்ற வாசகமும் இருக்க வேண்டும். லேபிளே மருந்தல்ல என்று சொல்லும்போது கடைக்காரர் மருந்து என்று சொல்வது எந்த நியாயம்? தவறான லேபிள் உள்ள சரக்கை விற்றால் 3 லட்சம் ரூபாய் வரையிலும், ஏமாற்று விளம்பரத்திற்கு 10 லட்சம் வரையிலும் அபராதம் உண்டு. சர்க்கரை, புற்றுநோய், ரத்த அழுத்தம் குணமாகும் என்று போர்டு எழுதி வைத்தால் 1954-ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான விளம்பரத் தடைச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். ஏஜெண்டு கொடுத்த போஸ்டர்தானே என்றால் அதிகாரி கேட்கமாட்டார். ஒட்டியிருப்பது நம் சுவரில்.

அதே சட்டத்தில் நமக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. மொத்த வியாபாரி கொடுக்கும் பில்லே, சரக்கின் தன்மைக்கும் தரத்துக்கும் அவர் எழுதிக் கொடுத்த உத்தரவாதமாக 26-ஆம் பிரிவு கருதுகிறது. பில் இருந்தால், சரக்கு யாரிடமிருந்து வந்தது என்று காட்டலாம். பில் இல்லாமல், 'விற்ற பிறகு பணம் கொடுங்க அண்ணாச்சி' என்று வைத்துவிட்டுப் போன டப்பாவுக்கு நாமே உற்பத்தியாளர் போல் பதில் சொல்ல நேரிடும். சங்கிலித் தொடராக ஆள் சேர்த்து விற்பவர்கள்தான் இப்படி அதிகம் வைக்கிறார்கள். நேரடி விற்பனைக்கு மத்திய அரசு 2021 டிசம்பரில் விதி வகுத்து, ஆள் சேர்ப்புப் பிரமிடு முறையைத் தடை செய்திருக்கிறது. கடையில் இடம் கேட்பவர் கூடவே 'நீங்களும் நாலு பேரைச் சேர்த்துவிடுங்கள்' என்றால், அங்கேயே கும்பிடு போட்டு அனுப்பிவிடலாம்.

சரக்கில் சந்தேகம் வந்தால் வாங்கியவரே கட்டணம் செலுத்தி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கவும் அச்சட்டத்தின் 40-ஆம் பிரிவு வழி செய்கிறது. தனிக் கடைக்கு அது செலவாகத் தோன்றலாம். ஒரே பேட்சை வாங்கிய ஐந்தாறு கடைக்காரர்கள் பங்கு போட்டுக் கொடுத்தால் பெரிய தொகை இல்லை.

இதற்குப் பின்னும் சிலர் நம்மிடம் கேட்பார்கள்: பக்கத்துக் கடைக்காரர் எல்லா நோயும் போகும் என்று சொல்லி மாதம் ஐம்பது டப்பா விற்கிறாரே, நாம் மட்டும் உண்மை பேசினால் வியாபாரம் நடக்குமா என்று. ஐம்பது நடக்காது, பத்து நடக்கலாம். குழந்தைக்குச் சத்துக்காகவும், சாப்பாட்டோடு கூடுதலாக இருக்கட்டும் என்றும் கேட்டு வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அடுத்த மாதமும் வருவார்கள். நாற்பது டப்பா லாபத்துக்காக ஒருவர் சர்க்கரை மாத்திரையை நிறுத்திப் படுத்துவிட்டால், அவர் வீட்டில் அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கும் கணக்கும் நம் நோட்டிலிருந்து போய்விடும், தெருவே பேசும்.

ஆகவே அடுத்த சரக்கு வரும்போது மொத்த வியாபாரிகள் பில்லில் பேட்ச் எண்ணையும் காலாவதித் தேதியையும் தவறாமல் குறித்து, சோதனை அறிக்கை நகலோடு அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். சில்லறைக் கடைக்காரர்கள் இப்போது அலமாரியில் உள்ள டப்பாக்களை ஒரு முறை எடுத்துப் பார்த்து, உரிம எண் இல்லாததையும் தேதி கடந்ததையும் தனியே ஒதுக்கி, பில்லோடு திருப்பி அனுப்புங்கள். நோய் தீரும் என்று சொல்லும் போஸ்டர் சுவரில் இருந்தால் இன்றைக்கே கிழித்துவிடுங்கள்.